முசியின் வண்டிக்கு இரண்டாவது ஆள்

முசி குஸ்வாயோ தன் வெள்ளை ஃபார்ச்சூனரைக் கழுவும்போது யாரும் பக்கத்தில் போகக் கூடாது. சக்கரத்துக்கு ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, தோல் இருக்கைக்குக் குழந்தைக் கன்னம் துடைக்கிற மாதிரி மெத்தென்று இன்னொன்று. துணி மாறிப்போனால் கத்துவான். உம்லாஸியில் அவன் வீட்டு முன்னால் ஞாயிறுதோறும் நடக்கும் இந்தப் பூசைக்குப் பயந்து தெருப் பையன்கள் பந்தை வேறு பக்கம் எடுத்துப் போய்விடுவார்கள்.

நாங்கள் இருவரும் இஸிபிங்கோவில் ஒரே கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்த்தோம். அவன் ஷிப்ட் சூப்பர்வைசர், நான் கணக்குப் பிரிவு. என்னிடம் இருந்தது பழைய சின்ன வண்டி. ராத்திரி எழுந்து ஜன்னல் திரையை விலக்கி, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கிற ஆள் நான். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து முசி என்னைத் தத்தெடுத்துக்கொண்டான்.

"பயப்படுறது தப்பில்ல அண்ணே. பயந்துட்டு ஒண்ணும் பண்ணாம இருக்கீங்க பாருங்க, அதுதான் தப்பு. கியர் லாக் இருக்கா?"

"இல்ல."

"கண்ணாடிக்கு ஃபிலிம்? சிக்னல்ல கல்லால அடிச்சா சிதறாம இருக்குமே, அது?"

"இல்லப்பா."

"அப்ப அதை வண்டின்னு சொல்லாதீங்க. திருடனுக்குக் கட்டி வச்ச டிபன்னு சொல்லுங்க."

அவனுடைய இன்சூரன்ஸில் இல்லாதது எதுவும் இல்லை. வண்டி போனால், மோதினால் என்கிற சாதாரண விஷயங்களோடு ஏழைகள் நிறுத்திக்கொள்வார்கள் என்பான். இவனுக்குக் கீறல் விழுந்தால் தனி, டயரும் ரிம்மும் தனி, ஆலங்கட்டி தனி. வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு வாடகை வண்டி வரும், அதுவும் இதே உயரத்தில். விபத்தென்றால் முதலில் நம் கையிலிருந்து கொஞ்சம் போகுமே, அதுவும் போகாமல் இருக்க ஒரு சேர்க்கை. கதவு, எஞ்சின், சேஸிஸ் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாக வண்டி எண்ணைத் தெளித்திருந்தார்கள். வெட்டித் துண்டு துண்டாக விற்றாலும் ஒவ்வொரு துண்டும் அவன் பெயர் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலே டிராக்கர். சாதாரண டிராக்கர் வண்டி போன பிறகுதான் தேடும். இவனுடையது போகும்போதே கூவும். சாவிக்கொத்தில் ஒரு சின்னக் கறுப்பு வில்லை தொங்கும். அந்த வில்லை உள்ளே இல்லாமல் வண்டி நகர்ந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய்விடும். உடனே அவர்கள் முசியை அழைப்பார்கள். அவன் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளை அழைப்பார்கள். திருட்டு என்று அந்த ஆள் சொன்னால் போதும், துப்பாக்கியோடு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

அந்த இரண்டாவது ஆள் சோட்வா.

வண்டி வந்த காலத்தில் முசி சோட்வாவோடு இருந்தான். அவள் ரயில் நிலையத்து வாசலில் ஸ்டூல் போட்டுத் தலை பின்னிவிடுகிறவள். வண்டி வந்த அன்று இன்சூரன்ஸ் பெண் போனில் கேள்விமேல் கேள்வி கேட்க, முசி பானெட்டில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். போனை அவளிடம் வீசினான். "நீ பேசு. என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் போடச் சொல்லு." இடுப்பில் குழந்தை தண்டேகாவை வைத்துக்கொண்டு சோட்வா வெயிலில் நின்று பேசினாள். இரண்டாவது ஆள் யார் என்றதற்குத் தன் எண்ணைக் கொடுத்தாள். அடையாளம் சரிபார்க்க உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்று சொல்லுங்கள் என்றதற்கு மகள் பிறந்த தேதியைச் சொன்னாள். அப்பனுக்கு அது தெரியாமலா இருக்கும் என்றுதான் நினைத்திருப்பாள்.

பிறகு அவளை அனுப்பிவிட்டான். சண்டைகூட இல்லை, அலுத்துவிட்டது. மூட்டைகளோடும் குழந்தையோடும் அவளை மினிபஸ் டாக்ஸியில் ஏற்றிவிட்டான். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தோல் இருக்கை பாழாகும் என்றானாம். இங்கே ஒரு பெண்ணிடம் பிள்ளை பெற்றவன் அவள் வீட்டு வாசலுக்குப் பெரியவர்களை அனுப்பித் தப்பை ஒப்புக்கொண்டு மாடு கொடுக்க வேண்டும். முசி ஒரு கோழிகூட அனுப்பவில்லை.

ஒருமுறை சோட்வா கிடங்கு வாசலுக்கே வந்தாள். காவலாளிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"டயருக்குத் தனியா இன்சூரன்ஸ் கட்டுறியாமே முசி? உன் மகளுக்கும் கீழ ரெண்டு கால் இருக்கு. ஸ்கூல் ஷூ பிஞ்சு விரல் வெளிய தெரியுது."

"விரல் உதிரட்டும். அப்ப வா, க்ளெய்ம் போடலாம்."

காவலாளிகள் சிரித்தார்கள். சோட்வா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்தத் தலைக்கு என்ன பின்னல் என்று யோசிக்கிறபோதும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு போய்விட்டாள்.

அடுத்து வந்தவள் கான்யா. உம்பும்புலு மலைப்பக்கத்து ஆசிரியை. ம்கிஸே குலம், பழக்கவழக்கத்தில் ஒரு நூல் பிசகாத வீடு. முசி அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், அதில் பொய் இல்லை. அவள் மட்டும் ஷூவைக் கழற்றாமல் அந்த வண்டியில் ஏறலாம்.

பெண் கேட்டுப் போக ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். மாப்பிள்ளை கூடப் போகக் கூடாது. அவன் வீட்டுப் பெரியவர்கள் சூரியன் கிளம்புமுன் பெண் வீட்டு வாசலில் நின்று அந்தக் குலத்தின் புகழ்ப் பெயர்களை உரக்கக் கூவ வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் கேட்காத மாதிரி இருப்பார்கள். எவ்வளவு நேரம் கத்தவிடுகிறார்களோ அவ்வளவு பெண்ணுக்கு மதிப்பு.

தூது போகிறவர் முசியின் பெரியப்பா எல்ஃபாஸ். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தேவாலயத்தில் முன்வரிசைக் குரல். முந்தின நாள் அவரை உட்காரவைத்து முசி பாடம் சொன்னபோது நானும் இருந்தேன்.

"வேற பிள்ளை இருக்கான்னு கேப்பாங்க பெரியப்பா. இல்லன்னு சொல்லிடுங்க."

"இருக்கேடா."

"இருக்கு. இல்லன்னு சொல்லுங்க."

"முன்னாடியே விசாரிச்சு வச்சிருந்தாங்கன்னா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? அந்த சோட்வா வீட்டு வாசலை முதல்ல முடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

"வண்டிக்குத் தவணை ஓடுது பெரியப்பா. இது ஆகட்டும், அதைப் பிறகு பாத்துக்கலாம்."

எல்ஃபாஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் இருட்டோடு இருட்டாக நான் முசி வீட்டுக்குப் போனேன். காத்திருக்கத் துணைக்கு ஆள் வேண்டுமாம். எல்ஃபாஸும் உறவுக்காரர் இருவரும் சூட்டு மாட்டி நின்றார்கள். மாப்பிள்ளைதான் போகக் கூடாது, வண்டி போகலாமே. ம்கிஸே வீட்டு ஜன்னலில் நிற்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பது முசியின் ஏற்பாடு. உள்ளே எதுவும் தின்னாதீர்கள், கதவை அறையாதீர்கள், மண் ரோட்டில் மெதுவாகப் போங்கள் என்று பத்து தரம் சொல்லி, மாற்றுச் சாவியைப் பெரியப்பா கையில் வைத்தான்.

மாற்றுச் சாவியில் வில்லை கிடையாது. வில்லை அவன் சாவிக்கொத்தில், அவன் கால்சட்டைப் பையில். இத்தனை நாளில் அவனைத் தவிர யாரும் அந்த வண்டியை ஓட்டியதில்லை. அதனால் அவனுக்கு அது தோன்றவே இல்லை.

வண்டி தெருமுனை திரும்பியிருக்கும், அவன் போன் அடித்தது. தெரியாத எண். துண்டித்தான்.

"யாருப்பா?"

"இன்சூரன்ஸ்காரங்கதான் அண்ணே. இப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடறாங்க. போன வாரம் ஒருத்தி நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றா. எங்கிட்ட நாயே இல்ல."

திரும்ப அடித்தது. திரும்பத் துண்டித்தான். "பெரியப்பா கூப்பிடற நேரம். லைன் அடைபடக் கூடாது." மூன்றாம் முறை அந்த எண்ணையே தடைசெய்துவிட்டு, தேநீரில் வடை மாதிரி உப்பிய மாவுருண்டையைத் தோய்த்துத் தின்றான். கண் போனை விட்டு நகரவில்லை. பாவமாக இருந்தது. பெண் கிடைக்க வேண்டுமே என்கிற கவலை.

அடுத்து நடந்த பேச்சின் ஒலிப்பதிவைப் பின்னால் கம்பெனியிடம் வாதாடி வாங்கினான். எனக்குப் போட்டுக் காட்டினான்.

"சோட்வா மேடமா? வாகனக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசறேன்."

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல மேடம். முசி குஸ்வாயோ சாரோட வண்டி அவர் வில்லை இல்லாம ஓடிட்டிருக்கு. அவர் போனைக் கட் பண்றார். நீங்கதான் இரண்டாவது ஆள்."

பின்னால் ஒரு குழந்தைக் குரல், யாரும்மா என்று. "உங்கப்பன் வண்டிடி. நீ தூங்கு."

"மேடம்?"

"எந்தப் பக்கம் போகுது?"

"உம்பும்புலு ரோடு, மேடம்."

உம்லாஸியில் தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்த அத்தனை பெண்களும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

"வேற யாருக்காவது ஓட்டக் குடுத்திருப்பாரா மேடம்?"

"அந்த வண்டியையா? பேதி வந்த பிள்ளையையே ஏத்தாதவன். யாருக்கும் தர மாட்டான். திருட்டுதான்."

"உறுதியா சொல்றீங்களா?"

"பிடிங்க கண்ணு. ஜாக்கிரதையா போகச் சொல்லுங்க, பொல்லாத ஆளுங்க. இப்பல்லாம் சூட்டு கோட்டு போட்டு வந்து ஏமாத்துறாங்க."

ம்கிஸே வீட்டு வாசலில் எல்ஃபாஸ் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "கபாசேலா! மவோவோ! உங்க முற்றத்துல ஒரு நல்ல பூ பாத்தோம், கேட்டு வந்திருக்கோம்!" பஸ் கூட்டத்தை அடக்கிய குரல். எதிர் மலை வரைக்கும் போயிற்று. உள்ளே ஒரு திரை அசைந்து நின்றது.

அப்போதுதான் கட்டுப்பாட்டு அறை அனுப்பிய வண்டி வந்தது. நாலு பேர் குதித்தார்கள். துப்பாக்கி.

"படு! கீழ படு!"

"தம்பி, நாங்க பெண் கேட்டு வந்தவங்க."

"நான் பிஷப். படுடா கிழவா!"

மூவரும் குப்புறப் படுத்தார்கள். முந்தின ராத்திரி மாடுகள் நடந்து கலக்கிய சேறு. எல்ஃபாஸின் முதுகில் ஒருவன் பூட்ஸ் காலை வைத்தான். சட்டைப்பையைத் துழாவி, பெண்ணுக்குத் தர வேண்டிய மாடுகளுக்குப் பதிலாகக் கொண்டுவந்த பணக் கவரை உருவினான். "இது எங்க அடிச்சது?"

எல்ஃபாஸுக்கு வேறு வழி தோன்றவில்லை. தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்த்துக் கூவினார். "கபாசேலா! மவோவோ! கதவைத் திறங்க! கொல்றாங்க!"

உள்ளே பெண்ணின் பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். வாசல் சுவர் உயரம், அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் வானம்தான் தெரியும். "நல்ல தொண்டை," என்றாராம். "உயிர் போற மாதிரியே கத்துறான். இன்னும் கொஞ்சம் கத்தட்டும்." பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். இதைக் கான்யாவே பின்னால் போனில் சொல்லி அழுதாள்.

எல்ஃபாஸ் மறுபடி கூவ, பூட்ஸ் அவர் தலையை அழுத்தியது. மேல் வரிசைப் பல்செட்டு கழன்று சேற்றில் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவர்கள் வண்டியின் வயர்லெஸ் முழு சத்தத்தில் அலறியது, ஊரே கேட்கும்படி. "உரிமையாளர் எடுக்கல. இரண்டாவது ஆள் சோட்வா, உரிமையாளரோட மகளுக்குத் தாய், திருட்டுன்னு உறுதி பண்ணியிருக்காங்க. அப்படியே பிடிச்சு வைங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கான்யா ஜன்னலைத் திறந்தாள்.

முசியின் போன் அடித்தது. கான்யாவின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஸ்பீக்கரில் போட்டான், நானும் கேட்கட்டும் என்று.

"உன் பெரியப்பா எங்க வாசல்ல சேத்துல கிடக்கார். துப்பாக்கி வச்சிருக்காங்க. யாரு முசி சோட்வா?"

கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போய் வில்லையைத் தொட்டது. அதை வெளியே எடுத்துப் பார்த்தவன் முகத்தை நான் மறக்க மாட்டேன். கான்யாவைத் துண்டித்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தான்.

"விடச் சொல்லுங்க! என் ஆளுங்க! நான்தான் வண்டிக்காரன்!"

"கண்டிப்பா சார். ஒரே ஒரு கேள்வி, அடையாளத்துக்கு. உங்க மகள் பிறந்த தேதி?"

முசி என்னைப் பார்த்தான். எனக்கு எப்படித் தெரியும்?

"ஆகஸ்ட்... ஆகஸ்ட் பன்னெண்டு."

"தப்பு சார்."

"பதினெட்டு. குளிர் காலம், அது நல்லா ஞாபகம் இருக்கு." இங்கே ஆகஸ்ட் குளிர்காலம்தான்.

"மன்னிக்கணும் சார். இன்னும் ஒரு தடவை தப்பா சொன்னீங்கன்னா லாக் ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தால் வருகிற விஷயமா அது? சோட்வாவுக்கு அடித்தான். அவள் எடுக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சோட்வா, தண்டேகா பிறந்த தேதி என்ன?"

"ஏன், கேக் வாங்கப் போறியா?"

"பெரியப்பா தரையில கிடக்கார்."

"தெரியும். நான்தான் படுக்க வச்சேன்."

"அவர் உனக்கு என்ன பண்ணார்? வயசானவரு!"

"எங்கப்பாவும் வயசானவருதான். தூது வரும், வரும்னு வாசலைப் பெருக்கி வச்சுட்டு உக்காந்திருந்தார். பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"ஆறு."

"ஏழு."

"ஏழு. சோட்வா, தயவு பண்ணு."

"இந்த வார்த்தையை இவ்வளவு நாள் எங்க வச்சிருந்த? இதுக்கும் தனியா இன்சூரன்ஸ் போட்டிருந்தியா?" கொஞ்சம் மூச்சு விட்டாள். "ஜூலை மூணு. உள்ளங்கையில எழுதிக்கோ, மறந்துடுவ."

எழுதிக்கொண்டான்.

அங்கே பூட்ஸ் காலை எடுத்தார்கள். "மன்னிச்சுக்குங்க ஐயா, எங்க வேலை இதுதான்," என்று ஒருவன் பல்செட்டைத் தேடி எடுத்து, தன் கால்சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தான். இரண்டாக உடைந்திருந்தது. அப்போதுதான் ம்கிஸே வீட்டு வாசற்கதவு திறந்தது. பெண்ணின் பெரியப்பா வெளியே வந்து மூவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வேற பிள்ளை இருக்கான்னு நாங்க கேட்டிருந்தா என்ன சொல்றதா இருந்தீங்க?"

எல்ஃபாஸ் வாயிலிருந்து காற்றுத்தான் பாதி வந்தது. "இல்லன்னு."

"பல்லு போனப்புறம்தான் உண்மை வருது உங்களுக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "போங்க. அந்தப் பொண்ணு வாசல்ல போய்க் கத்துங்க முதல்ல. எங்க வாசலுக்குத் துப்பாக்கி கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு ஆடு அனுப்பி வைங்க. ஆடு மட்டும் வந்தாப் போதும்."

எல்ஃபாஸ் ஃபார்ச்சூனரில் ஏறவில்லை. இருக்கை அழுக்காகும் என்று சொல்லிவிட்டு, சேற்றுச் சூட்டோடு டாக்ஸி நிற்கும் ரோடு வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். அந்த இடுப்பு பிறகு நேராகவில்லை. பிப்ரவரியில் தன் கைக்காசில் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு சோட்வா வீட்டு வாசலுக்குப் போனார். பல் இல்லாத வாயால் கூவினார். அங்கே முதல் கூவலிலேயே திறந்துவிட்டார்கள். முசிக்கு அவர் அதைச் சொல்லவில்லை. அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஆடு போயிற்று. கான்யா திரும்பி வரவில்லை.

வருடம் திரும்பியதும் இன்சூரன்ஸ் பெண் அழைத்தாள். இப்போதெல்லாம் முசி தெரியாத எண் எதையும் விடுவதில்லை. நாய்க்கு, பல்லுக்கு, சவப்பெட்டிக்கு என்று யார் எதை விற்றாலும் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பான். இவள் எல்லாச் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

"இரண்டாவது ஆளை மாத்தணுமா சார்?"

அவனுக்கு அம்மா அப்பா இல்லை. பெரியப்பா எடுக்க மாட்டார். என் மேசைப் பக்கம் பார்த்தான். "அண்ணே, உங்க நம்பர்?"

"எனக்குத் தூங்கினா இடி விழுந்தாலும் தெரியாதுப்பா," என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு போனில், "பழைய ஆளே இருக்கட்டும்," என்றான்.

வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று கேள்வி. அப்படியும் ஒருநாள், கிடங்கில் கயிறு கன்டெய்னர் கொக்கியில் மாட்டி அறுந்தது அவனுக்குத் தெரியவில்லை. என் வண்டி பட்டறையில் கிடந்ததால் அன்று அவனோடு வந்தேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் போன் அடித்தது. கழுத்தைத் தடவினான். வண்டியை ஓரம் கட்டி, முதல் மணியிலேயே எடுத்தான்.

"நான்தான், நான்தான் ஓட்டறேன்! ஜூலை மூணு! ஜூலை மூணு!"

"நன்றி சார். போன தடவை ஆனதுக்கப்புறம் உங்க வண்டிக்கு மட்டும் ரெண்டு பேரையும் கேட்கச் சொல்லியிருக்காங்க. சோட்வா மேடம் இன்னொரு லைன்ல இருக்காங்க. கொஞ்சம் காத்திருங்க."

முசி போனை டேஷ்போர்டில் வைத்தான். இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. போனில் மெல்லிய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

நான் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன். பிறகு நானும் இறங்கி, அவன் பக்கத்தில் போய்க் கைகளைத் தூக்கிக்கொண்டேன்.